இடது மட்டைக்காரர்

இரட்டையர் பின்பால் போட்டியின் விதி மிக எளியது. ஓர் இயந்திரம், இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பட்டன். கண்ணாடிக்கு அடியில் சாய்ந்து கிடக்கும் பலகையில் எஃகுப் பந்து மேலே ஏறி, விளக்குகளிலும் தூண்களிலும் மோதிப் புள்ளிகளைக் கொட்டிவிட்டுக் கீழே உருண்டு வரும். அதைத் திருப்பி அடிக்க அடியில் இரண்டு சிறு மட்டைகள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் விழுந்த பந்து போனது போனதுதான். அப்படி மூன்று பந்தும் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது.

அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த அந்த மன்றத்தில் டீச்சரும் டாக்டரும் பல வருடங்களாக ஒரே ஜோடி. டீச்சர் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவள். பள்ளி முழுவதற்கும் கால அட்டவணை போட்டுத் தருபவளும் அவளே. டாக்டர் அவளுடைய கணவர், பல் மருத்துவர். வலது மட்டை அவளுக்கு, இடது மட்டை அவருக்கு என்பது கட்டிலில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதைப் போல, எப்போது முடிவானது என்றே நினைவில்லாமல் முடிவாகிப்போன ஒன்று.

சென்ற ஆண்டு டாக்டருக்குக் கழுத்து நரம்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கை திரும்பி வந்தது. ஆனால் சொன்ன பேச்சைக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கிற கையாகத் திரும்பி வந்தது. இடது மணிக்கட்டில் பட்டை அழுத்தியதால் கடிகாரத்தை அவர் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையால் மாட்ட வேண்டிய அதன் பட்டையைத் தினமும் காலையில் மாட்டிவிடுவது டீச்சர். ரொட்டி உறையைப் பிரிப்பதும், மருந்துக் குப்பியின் மூடியைத் தளர்த்தி வைப்பதும் அவள்தான். எல்லாவற்றையும் அவருக்கு உறைக்காமல் நாசூக்காகச் செய்துவருவதாக அவள் நம்பினாள்.

செக்கு என்ற ஆட்டமுறையை அவள் கண்டுபிடித்ததும் அந்த நாசூக்கின் தொடர்ச்சிதான்.

இறுதி ஆட்டத்துக்கென்று வைத்திருந்த இயந்திரத்தின் நடுவே ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம் நிற்கும். அதன் இருபுறமும் மும்மூன்று விளக்குகள். ஆறையும் ஏற்றிவிட்டு, இடது மட்டையிலிருந்து கலங்கரை விளக்கத்தை நேராக அடித்தால் மூன்று பந்துகள் ஒன்றாக இறங்கும். அதன்பின் எல்லாப் புள்ளியும் மும்மடங்கு. இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் ஆசைப்பட்டது இந்த ஆட்டத்துக்கு. ஆனால் ஒன்றை அவர்கள் கோட்டைவிட்டிருந்தார்கள். வலது மட்டையால் இடப்பக்கத்து ஏற்றம் என்ற சரிவுப்பாதையில் சரியாக ஏற்றிய பந்து, கம்பித்தடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் வலது மட்டைக்கே வந்து நிற்கும். சுற்றுக்கு ஒரு லட்சம் புள்ளி. எத்தனை சுற்றுக்கு என்ற வரம்பு வைக்க மறந்துவிட்டார்கள். மன்றத்தில் இதற்குச் செக்கு என்று பெயர் விழுந்தது. நடுவராக இருந்த அச்சகக்காரர் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இல்ல. ஆனா தப்பும் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

செக்கில் இடது மட்டைக்கு வேலை கிடையாது. டீச்சருக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இறுதிச் சுற்றில் எதிர் ஜோடி டயர் கடைக்காரரும் அவருடைய மருமகனும். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் டீச்சர் செக்கை ஓட்டு ஓட்டென்று ஓட்டினாள். பந்து போனது, வந்தது, போனது, வந்தது. பக்கத்தில் நின்ற டாக்டர் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், எதிராளிகளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"டாக்டர், நாற்காலி போடச் சொல்லட்டுமா? கால் வலிக்கப்போகுது," என்றார் டயர் கடைக்காரர்.

"பேப்பரும் இருந்தாக் குடுங்க," என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் ஆட்டத்தை வென்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஏற்றத்தின் பாதியில் பந்து மூச்சு வாங்கி நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி, இடது மட்டையை நோக்கிச் சாவகாசமாக இறங்கியது. பிறந்த நாளிலிருந்து அடித்துப் பழகியவரைப்போல் டாக்டர் அடித்திருக்க வேண்டிய பந்து. டாக்டர் சட்டை நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் தொடாமலே பந்து உள்ளே போயிற்று. ஆட்டமும் அதோடு போயிற்று.

"பரவாயில்லைங்க," என்றாள் டீச்சர். வகுப்பில் வாந்தியெடுத்த பிள்ளையிடம் பேசுகிற குரல்.

கடைசி ஆட்டத்துக்கு முன் சிறிது இடைவேளை. படிக்கட்டுத் திருப்பத்தில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

"நான் எதுக்கு அங்க நிக்கிறேன்?" என்றார் அவர். "உன் கைப்பையை அந்த இடத்துல மாட்டி வெச்சாலும் நான் செய்யறதைத்தான் செய்யும்."

"ஜெயிக்கணும்னுதானேங்க."

"ஜெயிக்கிறது நீ. நான் டிக்கெட் வாங்கிக் குடுத்துட்டுத் தியேட்டர் வாசல்ல நிக்கிறவன்." காகிதக் குவளையை மடித்தார். "கோவத்துல சொல்லல. அடுத்த சீசனுக்கு நீ வேற ஜோடி பாத்துக்க. அச்சகக்காரர் தங்கச்சி நல்லாத்தான் ஆடறாங்க."

அவர் கோபப்படாமல் சொன்னதை அவள் முழுமையாக நம்பினாள், பயமே அதனால்தான். அந்த இயந்திரத்தின் முன் அவர் தோள் இல்லாத இடத்தில் இன்னொரு தோள் நிற்பதை அவளால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

"உங்க கை…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"லேட்டுதான். எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன், எப்பவும் ஒரே அளவு லேட்டு. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டா, சரியான நேரத்துக்கு வந்து சேந்துடுது. கிளினிக்ல வாய்க்குள்ள கண்ணாடி பிடிக்கிறது அப்படித்தான். சாயங்காலம் வாட்சைக் கழட்டி, கை கழுவிட்டுத் திரும்ப மாட்டறதும் நானேதான்."

"மாட்டறீங்களா? அப்ப காலைல ஏன் கையை நீட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"நீ மாட்டறது எனக்குப் பிடிக்கும். அது வேற கணக்கு."

டீச்சர் சிரிக்கவும் முடியாமல், முறைக்கவும் முடியாமல் நின்றாள். பிறகு தொழில் புத்தி முந்திக்கொண்டது. "ஒரே அளவு லேட்டுன்னா அது லேட்டே இல்லீங்க. அட்டவணையில ஏத்திடலாம்."

"அதைத்தான் சொல்றேன்."

"இத்தனை நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பந்தைக் குடுத்தாத்தானே?"

மூன்றாவது ஆட்டத்தில் முதலில் இறங்கியவர்கள் மாமனாரும் மருமகனும். அவர்கள் நன்றாகவே ஆடினார்கள். கடைசிப் பந்தை மட்டும் மருமகன் நடுவில் விட்டான். மாமனாரின் முகம் சிவந்து, கழுத்து சிவந்து, கடைசியில் வாயிலிருந்து, "பரவாயில்ல மாப்ள, நல்ல முயற்சி," என்பது மட்டும் வந்தது. இருந்தாலும் பலகையில் நின்ற தொகை பெரிது. செக்கை மட்டும் நம்பினால், ஒரு சறுக்கல்கூட இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் எட்டலாம்.

முதல் பந்தில் டீச்சரின் கை தன் போக்கில் ஏற்றத்துக்கே போயிற்று. மூன்று சுற்றுக்குப் பிறகு பக்கத்தில் ஒரு கனைப்பு கேட்டது. அவள் மட்டையைத் தாழ்த்திப் பந்தை இடப்பக்கம் உருளவிட்டாள். பிள்ளையை முதல் நாள் பள்ளி வாசலில் விடுகிற பதைப்பு அவளுக்கு. அவர் வாங்கினார், அடித்தார். வலப்பக்கத்து விளக்கு ஒன்று எரிந்தது. அடுத்ததை அடித்தார், தவறியது. திரும்ப வந்ததை அவள் வாங்கி இடப்பக்கத்து விளக்கை ஏற்றினாள். ஆட்டம் இப்படி இரண்டு கைகளுக்கு இடையே போகத் தொடங்கியதும், மற்ற இயந்திரங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள்.

கடைசிப் பந்து பாதி ஓடியபோது ஆறு விளக்கும் எரிந்தன. பந்து இடது பக்கம் இறங்கியது. டாக்டர் மட்டையைத் தூக்கி அதைத் தொட்டிலில் போட்டதுபோல் நிறுத்தினார்.

"நேராப் போகவா?"

"என்னைக் கேக்காதீங்க. அது உங்க பக்கம்."

மட்டையைத் தாழ்த்தினார். பந்து உருள ஆரம்பித்தது. அவர் விரல் அழுத்தப் புறப்பட்டதைப் பார்த்து, பந்து போயிற்று என்றே டீச்சர் நினைத்தாள். அவ்வளவு முன்கூட்டி இருந்தது அது. ஆனால் கை தன் யோசனையை முடித்து வந்து சேர்ந்த நேரமும், பந்து மட்டையின் நடுவுக்கு வந்த நேரமும் ஒன்றாக இருந்தன. பந்து கோடு கிழித்தாற்போல் ஏறிக் கலங்கரை விளக்கத்தை நடுநெற்றியில் அடித்தது.

மூன்று பந்துகள் இறங்கின. அதன்பின் யோசிக்க யாருக்கும் நேரமில்லை. "எடுங்க, எடுங்க, தூங்கறீங்களா?" என்று டீச்சர் தன்னையறியாமல் அதட்டினாள். "நீ உன்னுதைப் பாரு," என்று அவர் திருப்பிக் கொடுத்தார். தொகை தாவித் தாவி ஏறியது. ஒரு பந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எஞ்சிய ஒன்றை அவர் விழப்போகிற இடத்திலிருந்து மீட்டு மேலே அனுப்பினார். திரும்ப வந்ததையும் மீட்டார்.

அப்போது டீச்சர் அவருடைய இடது கை விரல்களைப் பார்த்தாள். பட்டன்மேல் சற்றே வீங்கினாற்போல் இருந்த இரண்டு விரல்களும் ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்கு முன்பே புறப்பட்டு, அது வரும்போது அங்கே இருந்தன. எத்தனை காலை நேரங்களில் இவற்றின் வேலையை நாமே செய்திருக்கிறோம், இவற்றுக்கு இது தெரியும் என்பது தெரியாமலே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருந்தபோதே பந்து வலப்பக்கம் இறங்கி, அசையாமல் கிடந்த அவளுடைய மட்டையின் மேல் மெதுவாக உருண்டு, நுனியைக் கடந்து விழுந்தது.

கூட்டம் 'ச்ச்' என்றது. செக்கின் ஒரே ஒரு சுற்றுப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர்கள் தோற்றிருந்தார்கள்.

டாக்டர் மெல்லத் திரும்பினார். "என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"அது…"

"கைக்குழந்தை அடிக்கும் அந்தப் பந்தை. நான் இங்க உயிரைக் குடுத்துத் தூக்கி விடறேன், அம்மா வேடிக்கை பாக்கறாங்க. எல்லாரும் கேட்டுக்கங்க, தோத்தது இவங்களாலதான். இடது பக்கத்துல ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

"முடியாது டாக்டர்," என்றார் அச்சகக்காரர்.

டயர் கடைக்காரர் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீச்சரிடம் குனிந்தார். "குடுத்து வெச்சவர்ம்மா உங்க வீட்டுக்காரர். மனசு விட்டுத் திட்டறார். நான் என் மாப்பிள்ளையை இப்படி ஒரு வார்த்தை கேக்க முடியுமா?"

அடுத்த சீசனுக்கு யார் யார் ஜோடி என்று அச்சகக்காரர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் டாக்டரைப் பார்த்தாள்.

"பழைய ஜோடிதான்," என்றார் டாக்டர். "என்ன, இவங்களுக்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேணும். வாரத்துல ஒருநாள் கூட்டிக்கிட்டு வரேன். மன்றத்தைத் திறந்து வைங்க."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை அவர் விடவில்லை.

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அந்த நேரத்துல அப்படி எங்க பாத்துக்கிட்டு இருந்தே?"

"ஸ்கோரை," என்றாள் டீச்சர்.

"ஸ்கோரையா? பந்து ஓடறப்ப ஸ்கோரை யாராவது பாப்பாங்களா? இவ்வளவு வருஷமா ஆடறே…"

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை மறுக்காமல், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.