வரிசையில் கடைசி

போ. போயேன். இன்னும் என்ன யோசனை?

ஊரே கரண்ட் வருவதற்காகக் காத்திருக்கும். ஜெயசித்ரா அது போவதற்காகக் காத்திருந்தாள். மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று இலஞ்சி முழுக்க மின்தடை என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள். கரண்ட் போனால் எதை ஓட்டுவது, எதை அணைப்பது என்று தானே முடிவெடுக்க அவள் எழுதிய மென்பொருளுக்கு இதுதான் முதல் பரீட்சை. நம்பிராஜன் அண்ணாச்சியின் குஞ்சு பொரிப்பகத்தில் இன்குபேட்டர் நிறைய முட்டைகள் இன்றைக்குப் பொரியக் காத்திருந்தன. சூடு குறைந்தால் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

"ஏட்டி, கரண்டு போவணும்னு சாமி கும்பிடுத ஒரே ஆளு நீதான்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் முத்துவடிவு, முட்டைத் தட்டுகளைக் கழுவியபடி. "ஈபிக்காரன் கேட்டாம்னா மாலை வாங்கிட்டு வந்துருவான்."

சொல்லி வாயை மூடவில்லை, மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. ஜெயசித்ரா போனை எடுத்தாள்.

பின்கட்டில் ஜெனரேட்டர் தானாகவே உறுமியது. செருமியது. அடங்கியது. மறுபடி உறுமி மறுபடி அடங்கியது. மென்பொருள் அதற்குமேல் அதனிடம் கெஞ்சவில்லை. தென்காசி மெக்கானிக் முகம்மது கனிக்குத் தகவல் அனுப்பிவிட்டு, இன்குபேட்டரைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, எது முக்கியம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்த வரிசையின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தது. முதலில் ஆபீஸ் ஏசி, பிறகு தண்ணீர் மோட்டார், பிறகு விளக்குகள். கையிலிருந்த போனில் ஒவ்வொன்றும் சாம்பல் நிறமாவதைப் பார்த்தபடி நின்றாள். கத்த வேண்டும்போல் இருந்தது.

யார் எதைக் கேட்டாலும் சரியென்று தலையாட்டியே வளர்ந்தவள் அவள். அவள் எழுதியதோ யார் முகத்தையும் பார்க்காமல், 'முடியாது' என்கிறது. அந்தத் துணிச்சலை அதற்குள் வைத்தது யார்? நான்தானா?

"ஏ, இங்கன வா! மூக்கு தெரியுது!"

கண்ணாடி வழியே டார்ச் அடித்துக் காட்டினாள் முத்துவடிவு. ஓட்டில் ஒரு விரிசல். அதில் ஈரமான சின்ன அலகு. பக்கத்து முட்டை தானாக அசைந்தது.

போன் அடித்தது. "மேலகரம் தாண்டிட்டேன், வந்துட்டே இருக்கேன்," என்றார் கனி. அவர் வந்து ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டும்வரை பேட்டரி தாங்க வேண்டும். மட்டுமட்டாகத் தாங்கும்.

துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அண்ணாச்சி ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். சாரல் மழைக் காலத்துக்கு இன்னும் நாளிருந்தது. வெக்கை ஆளை அவித்தது.

"ஏம்மா, ஏசி நின்னுட்டுல்லா. குஞ்சு வாங்க வந்த கொல்லத்து யாவாரிங்க உள்ள வேர்த்து வடியுதாங்க. ஒரு பத்து நிமிசம் போட்டு விடு."

"வரிசைய நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி? குஞ்சு மொதல்ல, நான் கடைசின்னு."

"அது கரண்டு இருக்கும்போது சொன்னதும்மா!"

முத்துவடிவு சட்டென்று தட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஒரு தட்டு தட்டினா வந்துரும்லா? ஒங் கைலதான இருக்கு," என்றார் அண்ணாச்சி, குரலை இறக்கி.

உண்மைதான். பொத்தான் அவள் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. பழக்கதோஷத்தில் 'சரி' நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக்குள் விரிசல் நீண்டு, ஓட்டின் தொப்பி கழன்று, நனைந்த தலையொன்று வெளியே சாய்ந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"யாவாரிங்கள இங்கன கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. குஞ்சு பொரியுதத பாக்கட்டும்," என்றாள் மெதுவாக. "ஏசி மட்டும் போட மாட்டேன்."