ஒரு சென்டிமீட்டர் நுரை

சர்க்கரை முந்நூறைத் தொட்ட நாளிலிருந்து ஞானசேகரன் தட்டில் சோறு இல்லை. அந்த இடத்தில் மருமகள் மைதிலி கினோவா என்ற தானியத்தைக் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பு ரகம், சத்து அதிகம் என்றாள். அவர் நாக்குக்கு அதிகமாகத் தெரிந்தது கசப்புதான். குடியிருக்கிற சேக்காட்டில் வேப்பமரமா இல்லை, இதை எதற்குப் பெரு நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று அவர் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சும்மா விடுகிற ஆளா அவர்? ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தரப் பரிசோதகர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டுகூட வெளியே போனதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கினோவாவின் மேல்தோலில் சபோனின் என்று ஒன்று இருக்கிறது, கசப்பு அதனால்தான், தண்ணீரில் குலுக்கினால் அது நுரைக்கும், நுரை கூடினால் கசப்பும் கூடுதல் என்று போனில் படித்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. இதை ரிஜெக்ட் செய்துவிட்டால் சோறு தானாகத் திரும்பி வருமே!

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் ஆய்வு. பாட்டிலில் ஒரு ஸ்பூன் கினோவா, கால் டம்ளர் தண்ணீர், முப்பது குலுக்கு. பழைய ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தார். நுரை மூன்றரை சென்டிமீட்டர்.

"இன்னாம்மா இது? துணி தொவைச்ச தண்ணி கணக்கா கீது. இத்தப் போய் மனுசன் துன்னுவானா?"

"எவ்வளவு நுரை இருந்தா சாப்பிடுவீங்க மாமா?" என்று மைதிலி மரியாதையாகக் கேட்டாள்.

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். அளவு சொல்லாமல் ரிஜெக்ட் செய்கிற பரிசோதகர் உண்டா? 'ஒரு சென்டிமீட்டர் வரை பாஸ்' என்று தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். கினோவா டப்பாவில் ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது.

அன்று மதியம் சோறு. மனைவி சாமுண்டீஸ்வரி அளந்து வைத்தது ஒரே கரண்டிதான். அதன்மேல் வத்தக்குழம்பு விழுந்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் வேறொரு பாக்கெட் வந்தது. வெள்ளை ரகம், கசப்பு குறைய வேண்டுமென்றே தேர்ந்து வளர்த்தது. மைதிலியே பாட்டிலைக் கழுவி, ஸ்கேலைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். முப்பதுக்கு நாற்பதாகவே குலுக்கினார். அரை சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை.

"கசப்பு போச்சுன்னா சத்தும் பூடும்மா" என்றார், இரண்டு நாளாகக் கசப்பைத் திட்டித் தீர்த்தவர்.

மைதிலி இரண்டு பாக்கெட்டையும் அருகருகே வைத்துக் காட்டினாள். நூறு கிராமுக்குப் புரதம் இரண்டிலும் பதினாலு கிராம். நார்ச்சத்து மட்டும் வெள்ளையில் கொஞ்சம் குறைவு.

"பாத்தியா, கம்மியா கீது!"

"அதுக்குத்தான் கீரை பண்ணியிருக்கேன் மாமா."

சாமுண்டீஸ்வரி ஃபிரிட்ஜைக் காட்டினாள். "இன்னாங்க, அது உங்க கையெழுத்துதானே? இல்ல வேற எவனாச்சும் போட்டுட்டுப் பூட்டானா?"

ஞானசேகரன் பேனாவை எடுத்தார். 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தட்டு வந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். கசப்பே இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவருக்கு அழுகையே வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் சாமானுக்குப் பாஸ் போட்டிருப்பார். அதில் ஒன்றையும் அவர் தின்ன வேண்டி வந்ததில்லை.