காட்டு வாழைக்கு மஞ்சள் கயிறு

மலாயா ரப்பர் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் செல்லையா மண்டோர் கல்யாணப் பெண்ணைத் தரதரவென்று இழுத்துவந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடத்தியிருந்த பிணத்தின் பக்கத்தில் போட்டார். பெண் ஒரு வாழைத்தண்டு. பாதி அழுகி ஈ மொய்த்தது.

“வாழை கெடச்சிருச்சு. மஞ்சக் கயிறு எங்க? சீக்கிரம் கட்டுங்க, பொழுது சாஞ்சா வேலிக் கேட்ட மூடிருவான்.”

நாராயணசாமி நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் செத்தவன். அப்படிப்பட்டவனுக்கு வாழையைப் பெண்ணாக நிறுத்தி, தாலி கட்டி, அந்த வாழையை வெட்டிச் சாய்த்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். இல்லாவிட்டால் ஆவியாக லயத்தைச் சுற்றுவானாம். மண்டோருக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். காரணம் லயத்துக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அடுத்த வீட்டுத் தாயம்மா சொல்லிவிடுவாள்.

செத்தவனின் தங்கை வேலம்மா காலையிலிருந்தே அழவில்லை. அதையும் நாலு பேர் கவனித்து வைத்திருந்தார்கள். அவள் அந்த வாழைத்தண்டைக் காலால் புரட்டிப் பார்த்தாள். அண்ணன் வைத்த ராஸ்தாளி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத் தீனி போய்விடக் கூடாதென்று, போன மாதம் பட்டாளத்துக்காரன் லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்குள் இருந்த வாழை, மரவள்ளி எல்லாவற்றையும் வெட்டச் சொன்னான். நாராயணசாமியின் கொல்லையில் பாராங் கத்தியோடு இறங்கியவர் செல்லையா. அடிக்கிழங்கையும் தோண்டி எறிந்தார். அது உத்தரவில் இல்லை. அன்று படுத்த நாராயணசாமி எழவில்லை. மலேரியா என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். வேலம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“நீங்களே வெட்டிப்போட்டு, அழுகின பொறவு அவளையே பொண்ணுன்னு கொண்டாறீங்களா? குப்பையில கெடந்தவளத்தான் எங்கண்ணன் கட்டணுமா?”

“வேற வாழை எங்க புள்ள இருக்கு? உத்தரவு லா, நான் என்ன செய்ய?”

“கெழங்கத் தோண்டுனதும் உத்தரவா?”

மண்டோர் ரப்பர் மரங்களைப் பார்த்தார்.

“வேலிக்கு அந்தாண்ட, கால்வாயோரமா ஒருத்தி நிக்கிறாளே, கண்ணுக்குத் தெரியலயா?” என்றாள் வேலம்மா.

“அது காட்டு வாழை! முழுக்கக் கொட்ட. கடிச்சா பல்லு போயிரும். அதெல்லாம் வாழையில சேத்தியா?”

வேலம்மா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன், விவசாய இலாகா வெள்ளைத் துரை ஒருவரிடம் வேலை பார்த்தபோது அண்ணனுக்குப் பிடித்த பைத்தியம் அது. யார் சிக்கினாலும் வாழைக் கதைதான். அவன் வருவதைப் பார்த்துக் கக்கூசுக்குள் ஒளிந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கத்துக் காடுகளில் கறுப்புக் கொட்டையோடு நின்றவள்தான் ஆதியாம். எவனோ கொட்டை குறைந்த மரமாகப் பார்த்து, அதன் பக்கக்கன்றைப் பெயர்த்துக் குடிசையோரம் வைத்தானாம். அவன் வம்சம் அதிலும் கொட்டை குறைந்ததாகப் பொறுக்கிப் பொறுக்கி நட்டதாம். அப்படியே கைமாறி, கடல் தாண்டி, கலந்து, கடைசியில் ராஸ்தாளி. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளி, விதையோட பொணம் என்பான். மனுசன் கன்று பெயர்த்து வைக்காவிட்டால் ராஸ்தாளிக்கு வம்சமே இல்லை என்பான்.

“நீங்க திங்கிற வாழைக்கெல்லாம் ஆத்தா அவதான். உங்க ராஸ்தாளி மலடி, மண்டோரே! எங்கண்ணனுக்குப் புள்ள பெக்கிறவதான் வேணும். தூக்குங்கய்யா பாடைய!”

கேட்டில் நின்ற போலீஸ்காரன், பாடைக்குள் காட்டுக்காரர்களுக்கு அரிசி ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று தடவக் கை நீட்டினான். வேலம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டான்.

கால்வாயோரம் பாடையை இறக்கினார்கள். அண்ணனின் விறைத்த விரல்களில் கயிற்றைத் தொடவைத்து, காட்டு வாழையின் தண்டில் அவளே கட்டினாள். மூன்று முடிச்சு. செல்லையா பாராங் கத்தியை ஓங்கினார். வேலம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வெட்டுற ஆசை இன்னும் அடங்கலயா?”

“வழக்கம்மா... வெட்டாம விட்டா...”

“வெட்டிப் பாருங்க.”

தாயம்மா நன்றாகத் தெரிய எக்கி நின்று பார்த்தாள். பாராங் இறங்கியது, வெட்டாமல்.

மழை பிடித்த பிறகு பட்டாளத்துக்காரன் மறுபடி வந்தான். மஞ்சள் கயிறு கட்டிய மரத்தைத் துப்பாக்கியால் சுட்டிக்காட்டினான். செல்லையா, ரப்பர் பால் வாளியோடு நின்ற வேலம்மாவை ஒருமுறை பார்த்தார்.

“வாழை இல்ல, துவான். வெறும் கொட்ட,” என்றார் மலாயில், அவசரமாக.

வேலம்மா வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். வௌவால் கடித்துப்போட்ட பழமொன்று வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து, கறுப்புக் கொட்டைகளைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பின்னால் வந்த செல்லையா அதை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டிப் போனார்.