ஞாயிற்றுக்கிழமை வேன்

மித்ரா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அழுதாள். ஏன் என்று நந்தினிக்கு விளங்கவில்லை.

குழந்தைக்கு மூன்று வயது. மற்ற நாட்களில் சாப்பிடுவாள், விளையாடுவாள், தூங்குவாள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வீட்டில் இருக்கும் ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்குத்தான் அம்மாவின் நைட்டியைப் பிடித்தால் விடமாட்டாள். ஊட்டினால் துப்புவாள். அழுது அழுது வாந்தி எடுப்பாள். கூடவே நந்தினியின் செருப்பில் ஒன்று காணாமல் போகும். மறுநாள் அது அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைக்கும்.

கணவன் அருண்பாண்டியனின் அக்கா திலகவதி பொதட்டூர்பேட்டையிலிருந்து வருவதும் ஞாயிறுகளில்தான்.

"நான் வர்றப்பல்லாம் இது அழுதுகினேதான் கீது. மீதி நாள்ல இன்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும்?"

"மத்த நாள்ல அழுவறதே இல்ல அண்ணி."

"ஆமா, என் மூஞ்சியப் பாத்துதான் அழுவுது! எங்க ஊட்ல பதினோரு பேர் கீறோம். யார் மடியிலயாவது உக்காந்துகினு இருக்கும். அடுத்த வாரம் துணிமணி எடுத்து வை, இட்டுகினு போறேன்."

நந்தினி கணவனைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் அங்கதான் இருக்கட்டுமே" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவர்கள் வீடு நடந்த விதம் இதுதான். அருண்பாண்டியனுக்கு ரோலிங் மில்லில் காலை ஷிப்டு. குழந்தை எழும் முன்பே போய்விடுவான். நந்தினிக்கு சிப்காட்டில் ஒயர் கம்பெனி, மதிய ஷிப்டு. குழந்தை தூங்கிய பிறகு திரும்புவாள். யாராவது ஒருவர் மித்ராவோடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்டு வாங்கிய ஷிப்டுகள். மதியம் அவன் பஸ் அவனை இறக்கிவிடும் ஸ்டாப்புக்கே சற்று நேரத்தில் அவளுடைய வேன் வரும். குழந்தை அங்கேதான் கைமாறும். "சோறு டப்பாவுல கீது." "சரி." "சளிக்கு மருந்து குடுத்துட்டேன்." "சரி, நீ ஏறு." கணவன் மனைவி பேச்சு அவ்வளவுதான். ஞாயிறுகளில் இதையும் பேச வேண்டியிருக்காது. இருவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை மில்லில் பழுது. அருண்பாண்டியன் வேலைக்குப் போகவில்லை. காலையில் மித்ரா கிண்ணங்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். டீ குடித்துவிட்டு அவன் உள்ளே வந்தான். குழந்தை அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்கு ஓடி, அம்மாவின் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து அதன் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நந்தினிக்கு அப்போதுதான் புரிந்தது. வார நாட்களில் மித்ரா விழித்திருக்கும்போது இருவரையும் சேர்த்துப் பார்ப்பது ஸ்டாப்பில் மட்டுமே. அப்பா வந்தால் அம்மா போய்விடுவாள். அவள் கண்ட குடும்பத்தில் அதுதான் விதி. மற்ற நாட்களில் வேன் உடனே வந்துவிடும், பிரிவு சட்டென்று முடிந்துவிடும். ஞாயிறன்று அப்பா காலையிலேயே வந்து நிற்கிறார். அம்மாவைக் கூட்டிப்போகும் வேன் மட்டும் கண்ணில் படுவதில்லை. குழந்தை நாள் முழுக்க அதற்காகக் காத்திருக்கிறாள். செருப்பு இல்லாமல் அம்மா எப்படிப் போவாள்?

அருண்பாண்டியனிடம் சொன்னாள். "நாம ஒண்ணா இருந்தா அதுக்கு பயமா?" என்றான்.

ஞாயிறன்று திலகவதி பெரிய பையோடு வந்தாள். மித்ரா செருப்பை இறுக்கிக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறிலும் ஷிப்டு உள்ளவர்களுக்காக வேன் வரும் நேரத்துக்கு நந்தினி அவளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினாள். அருண்பாண்டியனும் நடந்தான்.

"லீவு நாள்ல இன்னாத்துக்கு பஸ் ஸ்டாப்பு? அழுவற புள்ளைய வெயில்ல இட்டுகினு..." திலகவதி முணுமுணுத்தபடி பின்னால் வந்தாள்.

வேன் வந்தது. குழந்தை அம்மாவின் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தாள். டிரைவர் சுப்பிரமணி எட்டிப் பார்த்தார். "ஏறலயாம்மா?"

"இன்னிக்கு லீவுண்ணா. நீங்க போங்க."

வேன் போனது. அது திரும்பி மறையும்வரை மித்ரா பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைத் தொட்டுப் பார்த்தாள். பிடி தளர்ந்தது. செருப்பு கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

வீட்டில் தட்டு நிறையச் சாப்பிட்டாள். திலகவதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த வாரமும் பாக்கறேன்" என்று காலிப் பையை மடித்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை, கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் வேனுக்கு நேரமாயிற்றா என்று தன் கண்ணும் கடிகாரத்துக்குப் போவதை நந்தினி கவனித்தாள்.

இனி மதியம்வரை குழந்தையை அழவிட வேண்டியதில்லை என்று நினைத்தாள். அதே வேன் காலை ஷிப்டுக்கும் வருகிறது. ஞாயிறுகளில் மித்ரா எழுந்ததும் மூவரும் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அம்மா ஏறாமல் வேன் போவதை அவள் பார்க்க வேண்டும். பிறகு சேர்ந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.