சுட்ட கம்பியும் என் சுத்தியலும்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஓசூரில் எங்கள் ஃபேக்டரி முழுக்கத் தெரியும். அந்த வாய் 1993-இல் மூன்று நாள் மூடிக் கிடந்தது.

காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பதினோரு வருடம் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றியவள். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினின் காந்தத்துக்கு எது சரி என்று பார்க்க, இன்ஜினியர் தீர்த்தகிரி சார் இரண்டு வகைக் கம்பி கொண்டுவந்தார். ஒன்று நியோபியம்-டைட்டானியம், சொன்னபடி வளையும். இன்னொன்று நியோபியம்-வெள்ளீயம், சுற்றிய பிறகு உலையில் நாள்கணக்காகச் சுட வேண்டும். அதற்குத்தான் காந்த பலம் அதிகம் என்று ஆறு மாதமாக அதையே கட்டிக்கொண்டு அழுதார் மனுஷன்.

உலையிலிருந்து வந்த வெள்ளீயக் காயிலில் ஒரு சுற்று லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்தேன். செம்புக்கு அப்படித்தான் செய்வோம்.

திங்கட்கிழமை இரண்டையும் கடுங்குளிரான திரவ ஹீலியத்தில் இறக்கிக் கரண்ட் ஏற்றினார்கள். டைட்டானியம் கடைசிவரை தாங்கியது. வெள்ளீயம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. சூடேறி, ஹீலியம் புஸ்ஸென்று ஆவியாகிப் போனது. உலைச் சூட்டில் தான்தான் தப்புப் பண்ணிவிட்டதாகச் சார் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெங்களூர் மேனேஜரிடம் அப்படியே எழுதிக் கொடுக்கப் போகிறாராம். அவர் வேலை போய்விடும். நான் தட்டிய உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் மத்தியானம் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சார், நாந்தான் அதைத் தட்டினேன். மரச்சுத்தியால. ரெண்டே தட்டு."

"உலையில இருந்து வந்த பொறகா?"

"ஆமா சார்."

தலையில் கை வைத்துக்கொண்டார். "சுட்டுட்டா அது அப்பளம் மாதிரி, கெம்பம்மா. தட்டினா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுரும். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லாம விட்டுட்டு இப்ப தலையில கை வெச்சா? நல்லாருக்குது சார் உங்க நியாயம்!" மூன்று நாள் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

"மெஷின லாரியில ஏத்தி, சூளகிரி ரோட்டுல குலுக்கிக்கிட்டுத்தான ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? உங்க ரெண்டு தட்டுக்கே தாங்காதது அதை எங்க தாங்கும்? டைட்டானியம்னு எழுதிடறேன்."

"என் பேரும் அதுல வருமா சார்?"

"அது இல்லாமயா?"

புது அறிக்கையின் கடைசி வரியை அவரே படித்துக் காட்டினார்: 'சுத்தியல் சோதனை செய்தவர்: கெம்பம்மா.' அன்றைக்குக் கேன்டீனில் மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன்.