தட்டையாக அளந்த மலை

ஜெயகாந்தன் அண்ணன் மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, மலையைத் தட்டையாக அளந்த ஆள்.

கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கினார்கள். தீ எச்சரிக்கை மணிக்கு வயர் இழுக்கும் ஒப்பந்தம் அண்ணனுக்கு. அவரிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியன் நான். மணியின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் புறப்படும் வயர் ஒவ்வோர் அறையின் புகை உணரியையும் தொட்டுவிட்டு அதே பேனலுக்குத் திரும்ப வேண்டும். அதைத்தான் லூப் என்போம். அதன் நீளத்துக்கு எல்லை உண்டு. எங்கள் பேனல் தாங்கும் மின்தடை நாற்பது ஓம். அண்ணன் வாங்கிய வயருக்கு, இரண்டு இழையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு இருபத்துநாலு. வகுத்தால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் மீட்டர். அதைத் தாண்டினால் மணியை நம்ப முடியாது.

அண்ணன் பிளான் மீது அடிமட்டத்தை வைத்து அளந்துவிட்டு, "தாராளமா போதும்" என்றார். காகிதத்தில் மேடு ஏது? நாலு மாடி ஏறி இறங்கும் வயரும், வேலைக்காரர்கள் தங்கும் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கு ஏறும் சரிவும் அவர் கணக்கில் வரவேயில்லை. நான் நாடா பிடித்து அளந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.

"தடிச்ச வயர் போடணும்ணே, அதுல தடை கொறயும். இல்லாட்டி லயத்துக்குத் தனி லூப்பு."

"வாங்குன வயர எங்க கொண்டுபோயி கொட்றது? லயத்த விட்டுரு. அங்க வெள்ளக்காரனா தூங்குறான்? நம்மாளுங்கதான?"

நம்மாளுங்களாம்! இவரும் டயகம தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்தான்.

நான் மஸ்கெலியாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், லயத்துக் காம்பராக்களிலும் வெள்ளை வெளேரென்று உணரிகள். வயரைத்தான் காணோம். சும்மா ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தார். சோதிக்க வந்த அதிகாரி வரவேற்பறையில் புகை அடித்துப் பார்த்தாராம். மணி அலறியதும் திருப்தியாகப் போய்விட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட இந்த ஆளைப் பார்த்தால் காறித் துப்புவான்.

ஹோட்டலில் துணி வெளுக்கும் வீரம்மா அக்கா லயத்திலிருக்கும் தன் காம்பராவுக்கு என்னைக் கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தார்.

"போன வருசம் பக்கத்து லயம் பத்திக்கிச்சில்ல தம்பி, அதுலருந்து ஆளு மாத்தி ஆளு முழிச்சிருப்போம். இந்தக் குளிருல அடுப்ப அணைச்சிட்டுப் படுக்க முடியுங்களா? இப்பதான் மணி வந்திருச்சே. புள்ளைங்களோட நிம்மதியா தூங்குறோம்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அண்ணன் வயரை மட்டுமா மிச்சம் பிடித்தார்? இவர்களுடைய காவலையும் அல்லவா எடுத்துவிட்டார். ஸ்டூலில் ஏறி உணரியைப் பிடுங்கி அக்காவின் கையில் கொடுத்தேன்.

"இதுல வயரே இல்லக்கா. நெருப்புப் பிடிச்சாலும் அடிக்காது. கீழ போயி மேனேஜர்கிட்டயும் சொல்லப்போறேன்."

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். வயர் நுழைய வேண்டிய துளையில் விரலை விட்டுப் பார்த்தார். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னைக்கு முழிச்சிருக்க மொத மொற யாருக்குடி?"