அண்ணனின் வெள்ளணுக்கள்

அண்ணன் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பிறகும், அவனுடைய வெள்ளணுக்கள் தங்கை வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருந்தன. சாகும் முன் அவனே மனமுவந்து கொடுத்தவை.

அவற்றைப் பார்த்தே தீருவேன் என்று அண்ணி ஒருநாள் வந்து நின்றாள். அவை தன்னை அறிகின்றனவா என்று பார்க்க, கையை நீட்டி ரத்தமும் கொடுத்தாள். அதிலிருந்து பிரித்த புரதத்தில் ஒளிரும் சாயமேற்றி, தங்கை அந்தச் செல்களின் மேல் விட்டாள். சற்று நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் பச்சையாக மின்னியது. செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் புரதம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“வந்தது நான்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சா?” மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணி கேட்டாள்.

தங்கைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “யாரோட ரத்தமா இருந்தாலும் இப்படித்தான் ஒட்டும், அண்ணி.”

“அவரும் அப்படித்தானே! வாசல்ல யார் வந்து நின்னாலும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருவாரு.” சிரிக்கத் தொடங்கியவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போனபின், வேலை முடிந்த செல்களில் பிளீச் ஊற்றி அழிக்க வேண்டும். தங்கை எத்தனையோ தடவை செய்ததுதான். அன்று கை எழவில்லை. செல்கள் இருந்த தட்டை, அவை வளரும் இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்து, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் தனியாக இருந்தாலே, அண்ணன் பின்னால் நிற்பதுபோல் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.